முதல் ஆணியில் தொங்கிய கோட்டு

எங்கள் நகரத்து அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தவரை ஊரில் எவரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ‘மூச்சுப்பிடி’ என்றால்தான் தெரியும். “மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க, விடுங்க” என்று வேலை நேரம் முழுதும் ஒரே இழுவையில் சொல்லிப் பழகியவர், காய்கறிக் கடையிலும் பேருந்திலும் அதே இழுவையில் பேசத் தொடங்கிவிட்டார். எதிரே வருபவர்கள் அவரைக் கண்டதும் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். அவர் “விடுங்க” என்று சொல்லும்வரை நகரமாட்டார்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல் சொல்லிவிட்டுப் போவார். ஊரின் பாதி விலா எலும்புகளைப் பார்த்தவருக்கு ஊரார் காட்டிய மரியாதை அவ்வளவுதான்.

மரியாதையில் அவருக்கு ஆசை உண்டு. அவருக்கு நேர்ந்த அனைத்துக்கும் அந்த ஆசையே காரணமாதலால், அதை முதலில் விளக்கிவிடுகிறேன்.

எக்ஸ்ரே பிரிவில் பணிபுரிவோர் ஒவ்வொருவரும் மார்பில் ஒரு சிறு பேட்ஜ் அணிந்திருக்க வேண்டும். அணிந்தவர் மீது எவ்வளவு கதிர் பட்டது என்பதை அது தனக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். காலாண்டுக்கு ஒருமுறை அதைத் தொலைவிலுள்ள கண்காணிப்பு அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே அளந்து பார்த்துத் தகவல் சொல்வார்கள். விதி இது. நடைமுறை வேறு. பேட்ஜ் தொலைந்துபோனால் மேலிடத்துக்குப் பதில் சொல்லி மாளாது என்பதால், அந்தப் பிரிவில் எல்லோரும் அதைத் தத்தம் வெள்ளைக் கோட்டின் பையில் நிரந்தரமாகக் குத்திவிட்டார்கள். இயந்திரத்தை இயக்கும் தடுப்பறையிலோ புழுக்கம் தாங்காது. ஆகவே காலையில் வந்ததும் கோட்டைக் கழற்றி, எக்ஸ்ரே அறைச் சுவரில் வரிசையாக அடித்திருந்த ஆணிகளில் மாட்டிவிட்டுச் சட்டையோடு தடுப்புக்குப் பின்னால் நின்றுகொள்வார்கள். பெரிய டாக்டர் சுற்றிவரும் வேளையில் மட்டும் கோட்டு உடம்புக்கு வரும்.

அந்த ஆணிகளுக்கு ஒரு வரிசைமுறை இருந்தது. மின்விசிறிக்கு நேரெதிரே இருந்த முதல் ஆணி, பணியில் மூத்தவருக்கு உரியது. வேறொருவர் கோட்டு அதில் தொங்கினால் அன்றோடு பேச்சுவார்த்தை நின்றுபோகும். மூச்சுப்பிடி தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கடைசி ஆணியிலிருந்து முதல் ஆணியை நோக்கி நகர்வதிலேயே கழித்தார். மூத்தவர் ஓய்வுபெற்ற மறுநாள், மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய்த் தம் கோட்டை அதில் மாட்டினார். வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னார்.

“இன்னையிலேருந்து முதல் ஆணி எனக்கு.”

“அதனால என்ன கிடைக்கும்?”

“அது ஒரு கௌரவம்.”

“அப்போ உங்க கோட்டுக்குத்தான் பதவி உயர்வு. உங்களுக்கு இல்லை” என்றார் மனைவி.

அதே சமயத்தில் மருத்துவமனைக்குப் புதிய இயந்திரம் வந்தது. பழைய இயந்திரத்தின் கதிர் எதிர்ச் சுவரை நோக்கிப் பாயும். புதியதை நிறுவியவர்கள், நெஞ்சுப் படத்துக்கு நோயாளி சாய்ந்து நிற்கும் பலகையை ஆணிச் சுவரிலேயே, முதல் ஆணிக்கு ஒரு முழம் தள்ளிப் பொருத்திவிட்டுப் போனார்கள். ஆணிகளைப் பிடுங்கும்படி எவரும் சொல்லவில்லை. பிடுங்கினால் வரிசை குலைந்துவிடும் என்பதால் இவர்களும் கேட்கவில்லை. கூட்டம் மிகுந்த நாட்களில் கதிரின் அகலத்தை ஆளுக்கேற்பச் சுருக்காமல், முழுதும் திறந்துவைத்தே படம் எடுப்பார்கள். இருமிக்கொண்டு வந்த ஒவ்வொருவருக்கும் படம் எடுக்கப்பட்டபோது, மூச்சுப்பிடி தடுப்புக்குப் பின்னால் பத்திரமாக நின்றார். அவருடைய கோட்டு மட்டும் நோயாளியின் தோளோடு தோள் சேர்ந்து படத்துக்கு நின்றது.

இது இவ்வாறிருக்க, எங்கள் நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் இடையே அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தம் ஒன்று பேசப்பட்டு வந்தது. அவர்கள் உலைகளும் எரிபொருளும் தருவார்கள். நாம் நம் உலைகளை அயல்நாட்டு ஆய்வாளர்களுக்குத் திறந்துகாட்ட வேண்டும். வரவிருக்கும் உலைகளுள் ஒன்று எங்கள் நகருக்கு வெளியே, ஆற்றங்கரையில் அமையும் என்று செய்தி கசிந்ததும் ஊர் இரண்டாகப் பிளந்தது. சவரக்கடையில் பாதி மழித்த முகத்தோடு எழுந்து போனவர்கள் உண்டு. மின்வெட்டு ஒழியும், ஆலைகள் வரும் என்றனர் ஒரு சாரார். விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு, எரிபொருளை அவர்கள் நிறுத்திவிட்டால் யாரைக் கேட்பது, நம் வீட்டுச் சாவியை அடுத்த வீட்டுக்காரனிடம் கொடுப்பதா என்றனர் மறு சாரார். நகர மன்றக் கூடத்தில் ஞாயிறுதோறும் விவாதக் கூட்டம் நடந்தது. ஒப்பந்தத்தை ஒருவரும் படித்திருக்கவில்லையாதலால் பேச்சுக்கு எங்கும் தடங்கல் ஏற்படவில்லை.

எதிர்ப்புக் குழுவுக்கு ஒரு வக்கீல் தலைவர். ஆதரவுக் குழுவுக்குத் தலைவர் ஒரு சிமென்ட் வியாபாரி. உலை கட்டச் சிமென்ட் வேண்டும் என்பதை அவர் மேடையில் ஒருநாளும் குறிப்பிட்டதில்லை. இந்த வியாபாரியின் மகனுக்குத்தான் மூச்சுப்பிடி தம் ஒரே மகளைக் கொடுத்திருந்தார். மகளுக்கு அப்போது ஆண் குழந்தை பிறந்திருந்தது. குறைமாதம். தனியார் மருத்துவமனை ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மூச்சுப்பிடி தினமும் வேலை முடிந்ததும் போய்க் கண்ணாடிச் சுவருக்கு இப்பால் நின்று பார்த்துவிட்டு வருவார். குழந்தை தேறி மகளின் மாமியார் வீட்டுக்கு வந்ததும் தூக்கிக்கொள்ளலாம் என்றிருந்தார். அதற்கென்று நகம் வெட்டிக்கொண்டார். மீசையின் நுனி குத்துமோ என்று அதையும் கத்தரித்துக்கொண்டார்.

குழந்தை வீட்டுக்கு வந்த வாரத்தில்தான் பேட்ஜின் அளவு வந்தது. அவர் பெயரில் வந்த எண், ஒரு மனிதர் வாங்கக்கூடிய எல்லையைப் பன்மடங்கு கடந்திருந்தது. கண்காணிப்பு அலுவலகம் அவரை உடனே பணியிலிருந்து விலக்கிவைக்கச் சொன்னது. பெரிய டாக்டர் அவரை அழைத்தார்.

“கோட்டை எங்க மாட்டுவீங்க?”

“முதல் ஆணியில சார்.”

டாக்டர் எழுந்துபோய் அறையைப் பார்த்தார். ஆணியையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பிவந்தார்.

“உங்க மேல ஒண்ணும் படலை. உங்க கோட்டு மேலதான் பட்டிருக்கு. வேணும்னா கோட்டுக்கு மெடிக்கல் லீவ் போட்டுத் தரேன்.”

“அப்போ எனக்கு ஒண்ணுமில்லையே சார்?”

“உடம்புக்கு இல்லை. வேலைக்கு இருக்கு. பேட்ஜைக் கழட்டி வெச்சது உங்க தப்பு. ரத்தம் பார்ப்பாங்க, விசாரணை நடக்கும். அது முடியற வரைக்கும் கோட்டு, ஆணின்னு வெளியில வாயைத் திறக்காதீங்க. மொத்த டிபார்ட்மென்ட்டும் மாட்டிக்கும்.”

அவர் திறக்கவில்லை. ஆனால் மருத்துவமனை கேன்டீன் திறந்தது. எண் மட்டும் வெளியே போயிற்று, ஆணி போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வக்கீல் மேடையேறி, வழக்கமான தண்ணீர் தம்ளரைக்கூடத் தொடாமல் பேச்சைத் தொடங்கினார்.

“உலை இன்னும் வரலை. ஒப்பந்தத்துல கையெழுத்துகூட ஆகலை. அதுக்குள்ள நம்ம ஊர்ல ஒரு மனுஷன் உடம்பு பூரா கதிர் ஏறிப்போச்சு. ஒரு சின்ன மெஷின் பக்கத்துல நின்னவருக்கே இந்தக் கதின்னா, ஆத்தங்கரையில மலை மாதிரி ஒண்ணு வந்தா? யாருன்னு நான் சொல்ல மாட்டேன். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு யோசிச்சுப் பாருங்க, தெரியும்.”

கூடம் அதிர்ந்தது. மூச்சுப்பிடி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூடத்தின் மற்ற பகுதிகளில் இடமில்லாமல் ஆட்கள் நின்றுகொண்டிருந்தபோதும், அவருக்கு இருபுறமும் நாற்காலிகள் மெல்லக் காலியாயின.

மறுநாளிலிருந்து ஊர் தன் திறமையைக் காட்டியது. தேநீர்க் கடைக்காரர் அவருக்கென்று காகிதக் கோப்பை வாங்கி வைத்தார். சவரக்கடையில் அவர் போய் உட்கார்ந்தபோது, “எதுக்கு சார் வீணா வெட்டிக்கிட்டு, தானாவே கொட்டிடுமே” என்று கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார் கடைக்காரர். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அப்பாலிருந்தே அன்போடு கேட்டார்: “கரண்ட் போனா எங்க வீட்டுப் பிள்ளைங்க உங்க வீட்டு ஜன்னல் பக்கம் வந்து படிக்கலாமா சார்? உங்களுக்குத்தான் விளக்கே வேண்டாமே.” கதிர் பட்டவர் கதிர் வீசமாட்டார், வெயிலில் நின்றவர் சூரியனாகிவிடமாட்டார் என்று அவர் எல்லோருக்கும் விளக்கினார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள், இரண்டடி தள்ளி நின்று.

இவை எதுவும் அவரைத் துன்புறுத்தியதாகத் தெரியவில்லை. ஊர் கேலிக்கு அவர் பழகியவர். அவர் கவலை முழுதும் பேரன்மேல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தூக்க வருவதாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமையே சம்பந்தி தொலைபேசியில் அழைத்தார்.

“சம்பந்தி, நாளைக்கு வேண்டாம்னு பார்க்கறேன். குழந்தைக்குச் சளி.”

“சரிங்க. அடுத்த வாரம் வரேன்.”

“அடுத்த வாரம் நாங்க ஊர்ல இல்லை.”

“குழந்தை இருக்கும்ல?”

“அதுவும் எங்க கூடத்தான் வரும்” என்றார் சம்பந்தி. எவரும் எங்கும் போகவில்லை.

பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிறு அறிவிப்பின்றியே போய்விட்டார். முன்னறையில் உட்கார வைத்தார்கள், காபி வந்தது, குழந்தை வரவில்லை. உள்ளே அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மகள் கதவருகில் வந்து நின்று, “இப்பதான்ப்பா தூங்குது” என்றாள். அழுதுகொண்டே தூங்கும் குழந்தை உண்டா என்று அவர் கேட்கவில்லை. காபியைக் குடித்துவிட்டு எழுந்துவந்தார். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை வேலைக்காரி வாசலில் வெயிலில் போட்டுக்கொண்டிருந்தாள். அன்று மாலைக் கூட்டத்தில் சம்பந்தி முழங்கினார்: “கதிர்னு சொன்னா பயப்படறதுக்கு நாம என்ன காட்டுல வாழறோமா? விஞ்ஞானம் வளர்ந்திருக்கு! படிச்சவங்க பயப்படலாமா?” நல்ல கைத்தட்டல்.

மூச்சுப்பிடியின் மனைவிக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. பின்வாசல் வழியாகப் போய்க் குளித்து, அவர்கள் கொடுக்கும் சேலையைக் கட்டிக்கொண்டு குழந்தையைத் தூக்கலாம்.

“நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கோமேன்னு கேட்டேன்” என்றார் மனைவி, திரும்பிவந்து. “தனித்தனி அறையில படுங்கன்னாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“சரின்னேன்.”

அவர் தம் பாயை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். அதன்பின் மனைவி அங்கிருந்து வரும்போதெல்லாம், முன்னறைக் கதவுக்கு வெளியே நின்று பேரனைப் பற்றிச் சொல்வார். உள்ளங்கையைப் பிரித்தால் மூடிக்கொள்கிறான்; கொட்டாவி விட்டால் முகம் முழுதும் வாயாகிவிடுகிறது; காது அவருடையது. அவர் பாயில் உட்கார்ந்து தம் காதைத் தடவிக்கொண்டு கேட்பார்.

விசாரணை முடிந்தது. இரத்தத்தில் குறையொன்றும் இல்லை. கதிர் பட்டது பேட்ஜுக்கே, மனிதருக்கன்று என்று தீர்ப்பாயிற்று. பேட்ஜை அணியாத குற்றத்துக்காக அவர் இயந்திரத்தின் பக்கமே இனிப் போகக்கூடாதென்று, பழைய படங்களை அடுக்கிவைக்கும் அறைக்கு மாற்றினார்கள். முதல் ஆணி அடுத்தவருக்குப் போனது. அதற்குமுன் ஆணிகளையெல்லாம் வேறு சுவருக்கு மாற்றிவிட்டார்கள், அதே வரிசையில். மூச்சுப்பிடி வருந்தவில்லை. “இனிமே சொல்லலாம்ல சார்?” என்று மட்டும் டாக்டரிடம் கேட்டார். “தாராளமா சொல்லுங்க. யார் நம்பப் போறா?” என்றார் டாக்டர்.

சம்பந்தியிடம் போய்ச் சொன்னார். சம்பந்தி முழுதும் கேட்டார்.

“நான் நம்பறேன் சம்பந்தி. ஆனா வீட்டுல பொம்பளைங்க. ஊர் வேற பேசுது. ஊர் வாயை முதல்ல அடைக்கணும். நீங்க கூட்டத்துல வந்து இதையே சொல்லுங்க. ஊர் நம்பிட்டா வீடும் நம்பிடும்.”

ஒப்பந்தத்துக்காக அவர் கேட்டார். பேரனுக்காக இவர் இசைந்தார். வாழ்க்கையில் அதுவரை மேடை ஏறியிராதவர் அந்த ஞாயிறு ஏறினார். ஒலிபெருக்கியின் முன் நின்றதும் பழக்கதோஷத்தால் அவருடைய பழைய இழுவை வந்துவிட்டது. கூட்டம் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு காத்திருந்தது. அவர் கோட்டைப் பற்றியும், ஆணியைப் பற்றியும், புதிய இயந்திரத்தைப் பற்றியும் ஒன்றன்பின் ஒன்றாக, பிழையின்றிச் சொன்னார். என் உடம்பில் ஒன்றுமில்லை, யாரும் என்னைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று முடித்தார். ஒப்பந்தம் என்ற சொல்லையே அவர் உச்சரிக்கவில்லை.

வக்கீல் எழுந்தார்.

“ஐயா, உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. ரெண்டே கேள்வி. ஆதரவுக் குழுத் தலைவர் உங்களுக்கு என்ன உறவு?”

“சம்பந்தி.”

“இங்க வந்து பேசச் சொன்னது யாரு?”

“அவர்தான். ஆனா நான் சொன்னது...”

“போதும் ஐயா. கோட்டு கதிரை வாங்கிக்கிச்சு, நீங்க சம்பந்தி பேச்சை வாங்கிக்கிட்டீங்க.” கூடம் சிரித்து ஓய்ந்தது. வக்கீல் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. “இன்னொண்ணு விட்டுப்போச்சு. உங்களுக்குப் பேரன் பிறந்து மாசக்கணக்குல ஆகுதே, தூக்கினீங்களா?”

மூச்சுப்பிடி ஒலிபெருக்கியைவிட்டு ஓரடி பின்வாங்கினார்.

“வாயைத் திறந்து சொல்லுங்க ஐயா. ஒரு தடவையாவது தூக்கினீங்களா?”

“இல்லை.”

“ஏன்?”

அவர் சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி கடிகாரத்தைப் பார்த்தார்.

“பயப்படாதீங்கன்னு ஊருக்குச் சொல்றவரு, தன் வீட்டுப் பிள்ளையை இவர் கையில குடுக்க பயப்படறாரு. நாம எல்லாரும் உலை பக்கத்துல குடித்தனம் நடத்தணுமாம்! குடுக்கச் சொல்லுங்க பார்ப்போம். இதே மேடையில. அடுத்த ஞாயித்துக்கிழமை. குடுத்துட்டா நான் வாயை மூடிக்கறேன்.”

சிரிப்பு நின்றுவிட்டது. ஒப்பந்தம், ஆய்வாளர், எரிபொருள், இழப்பீடு எல்லாம் ஒரு நொடியில் மறைந்து, ஊரின் முன் ஒரே ஒரு கேள்வி நின்றது: இவர் பேரனைத் தூக்குவாரா, மாட்டாரா. கடைத்தெருவில் பந்தயம் கட்டினார்கள்.

மறுநாள் சம்பந்தி தம் கடைக்கு அவரை அழைத்தார். சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவே நிற்க வைத்தே பேசினார்.

“மானத்தை வாங்கிட்டீங்களே சம்பந்தி. தூக்கினேன்னு ஒரு பொய் சொல்லக்கூடாதா?”

“தூக்கியிருந்தா தூக்கினேன்னு சொல்லியிருப்பேனே.”

“சரி, நடந்தது நடந்துபோச்சு. ஞாயித்துக்கிழமை குழந்தையைக் கொண்டு வரோம். கொஞ்ச நேரம்தான். போட்டோ எடுக்கற வரைக்கும். புதுச் சட்டை நாங்க வாங்கித் தரோம், அங்க வந்து மாத்திக்குங்க. முகத்துக்கிட்ட கொண்டுபோகக் கூடாது. முத்தம் கித்தம் எல்லாம் வேண்டாம். புரியுதா?”

“புரியுதுங்க.”

“அழுதா உடனே குடுத்துடணும்.”

“அழமாட்டான். நான் பார்த்துக்கறேன்” என்றார் மூச்சுப்பிடி. அவர் முகம் மலர்ந்திருந்ததாகக் கடைப்பையன்கள் பின்னர் சிரிப்பாகச் சொன்னார்கள்.

அந்த வாரம் முழுதும் அவர் பழைய படங்களின் அறையில், உருட்டி வைத்த துண்டு ஒன்றை இடக்கையில் கிடத்தி வலக்கையால் தலையைத் தாங்கிப் பழகிக்கொண்டிருந்தார். மகள் பிறந்தபோது தூக்கிய கைதான், ஆயினும் மறந்திருக்கலாமல்லவா.

ஞாயிற்றுக்கிழமை கூடம் வாசல்வரை நிரம்பியது. ஒப்பந்தத்தைக் குறித்து நடந்த கூட்டங்களிலேயே அதுதான் பெரியது; அதில்தான் ஒப்பந்தத்தைக் குறித்து எவரும் பேசவில்லை. மூச்சுப்பிடி பக்கத்து அறையில் கை கழுவி, புதுச் சட்டையின் மடிப்பு கலையாமல் வந்து மேடையில் நின்றார். மகள் குழந்தையைக் கொண்டுவந்தாள். கழுத்திலிருந்து கால்வரை கனத்த கம்பளியில் சுற்றியிருந்தது. முகம் மட்டும் வெளியே தெரிந்தது. காது உண்மையிலேயே அவருடையதுதான்.

மகள் கொடுத்தாள். அவர் வாங்கினார். வாங்கியவுடன் அவர் கை சற்றே தாழ்ந்தது, பின்பு நிமிர்ந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் அவருக்கு உணர்ச்சிவசத்தில் கை நடுங்கிற்று என்று எண்ணினார்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அந்தப் பாரம் வராது. கம்பளிக்கு உள்ளே, குழந்தையின் முதுகுக்கும் அவர் கைக்கும் நடுவே, வழவழப்பான தடித்த தகடு ஒன்று இருந்தது. படம் எடுக்கும்போது உடலின் மற்ற பகுதிகளில் கதிர் படாதிருக்க மேலே போர்த்தும், காரீயம் கலந்த ரப்பர் அது. அதன் விளிம்பில் தைத்திருந்த நாடா அவர் விரலில் தட்டுப்பட்டது. எங்கள் மருத்துவமனை எக்ஸ்ரே பிரிவின் பொருள். துடைத்துத் துடைத்து அவர் விரல்களுக்குப் பழகிப்போன பொருள்.

நிழற்படக்காரர்கள், “இந்தப் பக்கம் பாருங்க சார், சிரிங்க சார்” என்றார்கள். அவர் பார்த்தார், சிரித்தார். குழந்தை அழவில்லை. அவரையே பார்த்துக் கொட்டாவி விட்டது. மனைவி சொன்னது சரி, முகம் முழுதும் வாயாகிவிட்டது. ஒரு வார்த்தை சொல்லிக் கம்பளியைப் பிரித்துக் காட்டியிருந்தால் சம்பந்தியின் குழு அன்றோடு ஒழிந்திருக்கும். வக்கீல் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போயிருப்பார். அவர் வாயைத் திறக்கவில்லை. ஒலிபெருக்கியை அவரிடம் நீட்டி, “எப்படி இருக்கு, சொல்லுங்க” என்று சம்பந்தி கேட்டபோதும் தலையை மட்டும் ஆட்டினார். கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. வக்கீல்கூட எழுந்துநின்று தட்டினார். தட்டாதிருந்தால் குழந்தைக்கு விரோதி ஆகிவிடுவார்.

“போதும், குடுங்க” என்றார் சம்பந்தி, உதடு அசையாமல்.

மேடைக்குப் பின்னால் பக்கத்து அறையில், மகள் குழந்தையை மேசைமேல் கிடத்திக் கம்பளியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சுப்பிடி கதவருகில் நின்றார். அவர் வந்தது முதுகுப்புறமாகவே அவளுக்குத் தெரிந்தது, அவள் கை நின்றுவிட்டது.

“உன் மாமியார் வெச்சாங்களா?”

மகள் கம்பளியின் முனையை மறுபடி இழுத்து மூடினாள்.

“கேக்கறேன்ல. யார் வெச்சது?”

“அவங்க கம்பளி போதும்னுதான்ப்பா சொன்னாங்க. நான்தான் உங்க ஆஸ்பத்திரி நர்ஸ் அக்காகிட்டக் கேட்டு வாங்கினேன்.” திரும்பாமலே சொன்னாள். “கோட்டு மேலதான் பட்டுச்சுன்னு எனக்குத் தெரியும்ப்பா. நல்லாவே தெரியும். இருந்தாலும் மனசு கேக்கலை.”

அவர் உள்ளே வந்தார். குழந்தைக்கு அடியிலிருந்து அவள் தகட்டை உருவினாள். அவள் அதை அவசரமாக இரண்டாக மடித்துப் பைக்குள் திணிக்கப்போனாள்.

“மடிக்காதேம்மா” என்றார். “மடிச்சா உள்ளே விரிசல் விழும், அப்புறம் எதையும் தடுக்காது. சுருட்டி வை.”

அவள் சுருட்டினாள். அவர் புதுச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுத் தம் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, பின்வாசல் வழியாக வெளியேறினார்.

பேரனோடு அவர் நிற்கும் படம் ஊர்ச் சுவர்களிலெல்லாம் ஒட்டப்பட்டது. ‘அச்சம் தவிர்ப்போம், ஒப்பந்தம் ஏற்போம்’ என்று கீழே பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். தேநீர்க் கடையில் மறுபடி கண்ணாடித் தம்ளர் வந்தது. சவரக்கடைக்காரர் கூப்பிட்டு உட்காரவைத்து முடிவெட்டினார். மனைவி அவருடைய பாயைத் தாமே எடுத்துவந்து பழைய இடத்தில் விரித்தார். தலைநகரில் ஒப்பந்தமும் கையெழுத்தானது. எங்கள் ஊர்க் கூட்டங்களைப் பற்றி அங்கே ஒருவருக்கும் தெரியாது. உலை, பின்னர் ஒருநாள், வேறொரு நகரத்துக்கு என்று அறிவித்தார்கள். சம்பந்தி கடையைப் பூட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அந்த அறிவிப்புக்குச் சில நாட்கள் முன்னால், ஊர் ஒத்துக்கொண்டது என்பதால் வீடும் ஒத்துக்கொண்டது. சம்பந்தி அம்மாள் தாமே தொலைபேசியில் அழைத்து, “எப்ப வேணும்னாலும் வாங்க அண்ணா, உங்க பேரன்தானே” என்றார். மூச்சுப்பிடி போனார். முன்னறையில் அதே நாற்காலி. காபி வந்தது, இம்முறை குழந்தையும் வந்தது. கம்பளி இல்லை, மெல்லிய பருத்திச் சட்டை மட்டும். மகள் அவர் முன்னால் குனிந்து குழந்தையை நீட்டினாள்.

“தூக்குங்கப்பா.”

அவர் இரு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டார். குழந்தை கண்களை அகலத் திறந்து, கால்களை உதைத்துக்கொண்டு, அவர் சட்டைப் பொத்தானை எட்டிப் பிடிக்கப் பார்த்தது.

“வேண்டாம்மா” என்றார். “தூங்கட்டும்.”